பொங்கப்பானையில் ஒரு கத்தரிச் செடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான்.

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டத்தில், எனக்கு முதுகைக் காட்டி நின்ற ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "அந்தப் பானைக்கு அடியில ஓட்டை போட்டாகளே, அன்னையில இருந்துதான் எங்க வீட்ல எல்லாமே மாறுச்சு." அவர்களுடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

நல்ல பானைக்கு வேண்டுமென்றே ஓட்டை போடுகிறவர் யார்? செடி வைக்கிறவர்தான். இதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. மிச்சத்தையெல்லாம் நானேதான் உண்டாக்கினேன். எங்கெங்கே தடுமாறினேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

2

ஊர் அதே திண்டுக்கல், ஆண்டு ஐம்பத்தெட்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

"சித்தியின் கொடுமை தாங்காமல் அந்தச் சிறுமி தினமும்—"

இப்படித்தான் ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மாற்றாந்தாய் என்று எழுதியதுமே பேனா தானாக அவள் கையில் ஒரு கரண்டியைச் சூடேற்றிக் கொடுத்துவிடுகிறது. ஒச்சம்மாள் அப்படிப்பட்டவள் இல்லை. அவளை எனக்குக் கொஞ்சம் தெரியும், நான் உண்டாக்கியவள்தானே.

பாவாடை கட்டிய வயதிலேயே சுருட்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள் ஒச்சம்மாள். அம்மா இல்லை. அப்பன் படுத்த படுக்கையாகக் கிடந்தான். அவனுக்குப் பணிவிடை பார்த்ததிலேயே கல்யாண வயது தாண்டிவிட்டது. அவன் போய்ச் சேர்ந்த மறுவருஷம், பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கும் கருப்பணனுக்கு இரண்டாந்தாரமாக வாக்கப்பட்டாள். கருப்பணனின் முதல் மனைவி அய்யம்மாள் விஷக்காய்ச்சலில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் விட்டுப்போன மகள் முத்துப்பேச்சிக்குப் பத்து வயது.

பேச்சி சண்டை போடவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், சொன்ன வேலையைச் செய்தாள். ஆனால் ஒச்சம்மாளை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. "குடத்துல தண்ணி இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவருக்குப் பதிலாக ஒச்சம்மாள் எழுந்து போவாள்.

"இனிமே நீ கம்பெனிக்குப் போக வேணாம். புள்ளையப் பாத்துக்க, போதும்" என்று கருப்பணன் சொல்லியிருந்தான். பிள்ளையோ காலையில் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம்தான் வரும். வந்தாலும் பார்க்க விடாது. ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒச்சம்மாளின் விரல்கள் மடியில் கிடந்தபடியே இல்லாத புகையிலையைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தானே பார்த்துத் திடுக்கிட்டு, கையைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வாள்.

3

பக்கத்து வீட்டு செபாஸ்தியம்மாளுக்குப் பிறந்த ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். தன் வீட்டுக் கொல்லையில் பாத்தி கட்டி வெண்டையும் அவரையும் போட்டிருந்தாள். ஒருநாள் ஒச்சம்மாள் வேலிப்பக்கம் போய் நின்றாள்.

"அக்கா, எனக்குங் கொஞ்சம் வெதை குடுக்குறீகளா? கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"இதுக்கு முன்னால என்னமும் வச்சிருக்கியா?"

"ஒண்ணும் வச்சதில்ல. பொகையில எலையா வரும், சுத்துவேன். அம்புட்டுத்தான்."

கிணற்றடிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் இருந்தது. ஒச்சம்மாள் அதைக் கொத்திப் பாத்தி கட்டினாள். கீரை விதையைப் போட்டு, காக்கா கொத்திவிடக் கூடாதே என்று மேலே மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு மூடினாள். ஒன்றும் முளைக்கவில்லை. செபாஸ்தியம்மாள் வந்து விரலால் கிளறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏத்தா ஒச்சம்மா, வெதைச்சியா, இல்ல பொதைச்சியா? இம்புட்டு மண்ணு போட்டா பாவம், அது எப்படி மேல வரும்?"

மறுபடி விதைத்தாள். முளைத்தது. தெருக்கோழிகள் வந்து கிளறிவிட்டுப் போயின. இந்தத் தடவை செபாஸ்தியம்மாள் சிரிக்கவில்லை. ஒரு கத்தரி நாற்றை வேரோடு மண்ணாகக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இத பானையில வையி. கோழிக்கு எட்டாத எடத்துல தூக்கி வச்சுக்கலாம். பானைக்கு அடியில ஒரு ஓட்டை போட்டுரு. இல்லாட்டி தண்ணி தேங்கி வேரு அழுகிப் போகும்."

(இங்கே ஒரு சந்தேகம் வந்தது. மண்பானை உடையாமல் அடியில் ஓட்டை போட முடியுமா? நானே போட்டுப் பார்த்தேன். முதல் பானை இரண்டாகப் பிளந்தது. அடுத்தது பிளக்கவில்லை. ஆகவே ஒச்சம்மாளாலும் முடியும்.)

பரணில் பானைகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால், சாக்குக்கு அடியில் ஒன்று கிடந்தது. கரி ஏறிய பானை. வாய் விளிம்பில் லேசாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. நல்ல பானையை வீணாக்க வேண்டாமே என்று அதைத்தான் எடுத்தாள். மணல் மேல் கவிழ்த்து வைத்து, தண்ணீரைத் தொட்டுத் தொட்டு விட்டு, கருப்பணனின் பழைய அரத்தின் கூர்முனையால் மெல்ல மெல்லத் திருகினாள். சுருட்டு இலையைக் கிழியாமல் சுற்றிய கை. பானை கீறல் விடவில்லை. ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தபோது அவளுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. மண்ணும் எருவும் போட்டு, நாற்றை வைத்து, மூன்று கல்லின் மேல் தூக்கி வைத்தாள்.

4

பேச்சி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பைக்கட்டைக் கழற்றிக்கொண்டே கொல்லைப்பக்கம் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

இந்த இடத்தை மூன்று விதமாக எழுதினேன்.

"பேச்சி வீறிட்டு அலறினாள். ஓடிப்போய்ப் பானையை—" இல்லை.

"செடியைப் பிடுங்கி ஒச்சம்மாளின் முகத்தில்—" இது என்னுடைய கோபம். அந்தப் பிள்ளைக்கு அப்படி வராது.

நான் நம்புவது இதைத்தான். அவள் மெதுவாக நடந்து வந்து பானைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்து அடியில் பார்த்தாள். ஓட்டையிலிருந்து கலங்கல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் அடைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இது எங்கம்மா கடைசியாப் பொங்குன பானை" என்றாள். சுவரிடம் அல்ல, பானையிடம் சொன்னாள்.

ஒச்சம்மாள் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "தாயி... எனக்குத் தெரியாதுத்தா. வாயி ஒடைஞ்சு கெடந்துச்சு. சும்மா கெடக்குன்னுதான் நெனச்சேன்."

பேச்சி விரலை எடுக்கவில்லை.

கருப்பணன் வந்ததும் ஒச்சம்மாளே சொன்னாள், பிள்ளைக்கு முன்னால் வைத்தே. அவன் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான்.

"நாந்தான் உள்ள தள்ளி வச்சேன். ஒங்கிட்ட நாஞ் சொல்லியிருக்கணும்" என்றான். பிறகு மகளைப் பார்த்து, "அழுகாதம்மா. செடிய எடுத்துட்டு, பட்டறையில ஈயத்தக் காச்சி ஊத்தி அடைச்சுத் தாரேன். பழைய மாரி ஆயிரும்" என்றான்.

பேச்சி அழவே இல்லை. யோசித்தாள்.

"செடிய எடுத்தா செத்துருமா?"

கருப்பணனுக்கு அதெல்லாம் தெரியாது. ஒச்சம்மாளைப் பார்த்தான்.

"இன்னைக்குத்தான் வச்சிருக்கு. திரும்பப் புடுங்குனா பொழைக்கிறது செரமம்" என்றாள் ஒச்சம்மாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"அப்ப வேணாம். ஓட்டை இருக்கட்டும்" என்றாள் பேச்சி. கொஞ்சம் கழித்து, "ஆனா நாந்தான் தண்ணி ஊத்துவேன். வேற யாரும் அதத் தொடக் கூடாது."

5

மாசி போய்ப் பங்குனி வந்தது. ஒச்சம்மாள் உடைந்த சட்டி, ஓட்டைத் தகரம் என்று தேடி எடுத்து மிளகாயும் வெண்டையும் வைத்தாள். இரண்டு பேரும் அடுத்தடுத்து நின்று தண்ணீர் ஊற்றினார்கள். பேசிக்கொள்ளவில்லை. செடிகளோடுதான் பேசினார்கள்.

"ஒனக்குப் பூச்சி புடிச்சிருக்கு. சாம்பலத் தூவுனாப் போயிருமாம்" என்று ஒச்சம்மாள் தன் மிளகாய்ச் செடியிடம் சத்தமாகச் சொல்வாள். மறுநாள் காலையில் கத்தரி இலையெல்லாம் சாம்பல் பூசியிருக்கும்.

"ஒனக்கு ரொம்பத் தண்ணி ஊத்துறாக" என்று பேச்சி ஒருநாள் அந்த மிளகாய்ச் செடியிடமே சொன்னாள். ஒச்சம்மாள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தது தெரியக் கூடாதல்லவா.

(கதை இப்படியே போய் நல்லபடியாக முடிந்திருக்கலாம். எனக்கும் ஆசைதான். ஆனால் திண்டுக்கல்லுக்குப் பக்கத்து ஆத்தூரில் அந்தப் பிள்ளைக்கு ஒரு தாய்மாமன் இருக்கிறார். அக்காவைப் பறிகொடுத்தவர் சும்மா இருப்பாரா?)

சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மாமன் சோலைமுத்து வந்தார். கிணற்றடியில் அக்காவின் பானையை அடையாளம் கண்டதும் முகம் கறுத்தது.

"மச்சான், புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். லீவு முடிஞ்சதும் அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துக்குறேன். எங்கக்கா பொங்குன பானையையே தொளை போட்ட வீட்ல அவ மகள விட்டுவைக்க எனக்கு மனசு கேக்கல."

கருப்பணன் தரையைப் பார்த்தான். "அவ இஷ்டம்" என்றான்.

பேச்சி துணிமூட்டையோடு வாசலுக்கு வந்தவள், திரும்பிப் போய்ச் செடிக்கு ஒரு செம்பு ஊற்றினாள். ஒச்சம்மாளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். என்னவோ சொல்லப் போகிறாள் என்று ஒச்சம்மாள் காத்திருந்தாள். மாமன் கூப்பிட்டார். போய்விட்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில் கத்தரி இலைகள் துவண்டு தொங்கின. ஒச்சம்மாள் செம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். தொடக் கூடாது என்று பிள்ளை சொல்லியிருக்கிறது. தொடாவிட்டால் செத்துப்போகும்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செபாஸ்தியம்மாள் பார்த்தாள். "எட்ட நில்லு. நான் வந்து ஊத்துறேன். நீ தொட்டதா ஆகாதுல்ல."

"வேணாங்க்கா" என்று ஒச்சம்மாள் எழுந்தாள். "ஊத்துனா நானே ஊத்துறேன். ஊத்துனேன்னு அவகிட்டச் சொல்லிக்கிறேன்."

6

செடி பூத்தது. பூக்கள் உதிர்ந்தன. கடைசியில் ஒன்று மட்டும் நின்று காயானது. ஒச்சம்மாள் வைத்தவற்றில் வேறெதுவும் அதுவரை காய்க்கவில்லை. அவள் வாழ்க்கையில் மண்ணிலிருந்து வந்த முதல் காய் அது. அதுவும் அவளுடையது அல்ல.

லீவு முடியும் சமயத்தில் ஆத்தூரிலிருந்து ஆள் மூலம் சேதி வந்தது: பிள்ளையை அங்கேயே சேர்க்கப் போகிறார்கள். "அவளுக்கு அங்க புடிச்சிருந்தா இருக்கட்டும், விடு" என்றான் கருப்பணன். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் ஒச்சம்மாள் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆத்தூர் பஸ்ஸில் ஏறினாள்.

ஏன் என்று கேட்காதீர்கள். நானும் அவளைக் கேட்டுப் பார்த்தேன். "காய்ச்சிருக்கு. அவ பாக்க வேணாமா?" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

"யம்மோவ், பானையத் தூக்கி மேல போடு" என்றார் கண்டக்டர்.

"மேல போட்டாக் காத்துல ஒடிஞ்சிரும்ண்ணே. மடியிலயே வச்சுக்கிறேன்."

காலையில் ஊற்றிய தண்ணீர் ஓட்டை வழியாக வழிந்து சேலையெல்லாம் நனைந்தது. பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டு, "கைப்புள்ளக்காரி சீலை மாரி ஆகிப்போச்சே" என்று சொல்லி நகர்ந்து உட்கார்ந்தாள். ஒச்சம்மாள் பானையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

7

சோலைமுத்து வீட்டு வாசலில் பானையை இறக்கி வைத்தாள். அவர் வெளியே வந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஈரச் சேலையோடு, செடியும் கையுமாக வந்து நிற்கிறவளை என்ன சொல்லி விரட்டுவது? உள்ளே திரும்பி, "அவுகளுக்குத் தண்ணி குடு" என்று மனைவியிடம் சொன்னார்.

பேச்சி ஓடி வந்து, பானையைப் பார்த்து நின்றாள்.

"ஒம் பானைத்தா. ஒங்கிட்டயே இருக்கட்டும்னு கொண்டாந்தேன்" என்றாள் ஒச்சம்மாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு. "நீ தொடக் கூடாதுன்ன. நான் தொட்டேன். நீ போன மறுநாள்ல இருந்து நாந்தான் தண்ணி ஊத்துனேன். வாடிருச்சு, பாக்க முடியல. அதச் சொல்லிப்புடணும்ல."

'வீட்டுக்கு வா' என்று அவள் கூப்பிடவில்லை. கூப்பிட வைக்க நான் எவ்வளவோ முயன்றேன். இரண்டு பக்கம் எழுதினேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

பேச்சி குத்தவைத்து உட்கார்ந்து இலைகளை விலக்கினாள். ஊதா நிறத்தில், அவள் கைக்குள் அடங்கும் அளவுக்கு, பளபளவென்று தொங்கியது காய். தொட்டுப் பார்த்தாள். பறிக்கவில்லை.

"இதப் பறிச்சுட்டா திரும்பக் காய்க்குமா?" என்று கேட்டாள். சுவரையோ செடியையோ அல்ல, ஒச்சம்மாளின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

ஒச்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியலத்தா" என்றாள். "எனக்கும் இதான் மொதத் தடவை."

பேச்சி தலையை ஆட்டினாள், அது சரியான பதில்தான் என்பதுபோல. சோலைமுத்து வேறு பக்கம் பார்த்தார்.

இதற்குமேல் என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் பேச்சி துணிமூட்டையை எடுத்துக்கொண்டு வருகிறாள். இன்னொன்றில் அவள் ஆத்தூரில் தங்குகிறாள், பானையும் தங்குகிறது. ஒச்சம்மாள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறுகிறாள். முதலாவது நமக்குச் சந்தோஷம். இரண்டாவதில் ஒச்சம்மாள் இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரிகிறாள். எதை வைத்தாலும் மற்றது கண்ணில் உறுத்துகிறது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

சாயங்கால பஸ் திண்டுக்கல்லுக்குப் புறப்படுகிறது. ஜன்னலோரம் ஒச்சம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். சேலை காய்ந்துவிட்டது. அவளுக்குப் பக்கத்தில்

(                    )

எழுதாமல் இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் யாரை உட்கார வைத்தாலும், கொஞ்சம் பார்த்து, மெதுவாக உட்கார வையுங்கள்.