அஞ்சாம் நம்பர் கொடி

எங்கள் முதலாளிக்குக் காரம் ஆகாது. இது அவருக்கே தெரியாது. எனக்கும், அந்தத் தாய்லாந்து உணவகத்தில் பரிமாறுகிற அம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும்.

நாங்கள் அட்டைப் பெட்டி செய்கிற கம்பெனி. நான் டிஸ்பேட்ச். எந்த லாரியில் எத்தனை கட்டு போக வேண்டும், எந்த அளவுப் பெட்டி யாருக்கு என்பதெல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் வாசலைத் தாண்டும். பன்னிரண்டு வருஷம். வருஷக் கடைசியில் ஒரு நாள் மதியம் முதலாளி எல்லோரையும் அந்த உணவகத்துக்குக் கூட்டிப்போவார். வருஷம் முழுக்க உதைத்துவிட்டு ஒரு வேளை தடவிக்கொடுப்பது என்று மெஷின் மாமா சொல்வார். கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர் என்பதால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மெஷின் மாமா.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. என்ன வேண்டும் என்று சொன்னபிறகு எத்தனாம் நம்பர் காரம் என்றும் சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஒன்று, குழந்தைக்கு ஊட்டலாம். ஐந்து, அவர்கள் ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று சமைத்துக்கொள்கிற காரம். கிண்ணம் வரும்போது அதன்மேல் பல்குச்சியில் ஒட்டிய சின்னக் காகிதக் கொடி குத்தியிருக்கும். கொடியில் நம்பர். யார் வீரர், யார் கோழை என்று மேஜையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதல் வருஷம், பிஸ்கட் கம்பெனிக்காரர் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் முதலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எனக்குப் பச்சைக் கறி, அஞ்சாம் நம்பர். நாமெல்லாம் மிளகாயிலேயே வளர்ந்தவங்க" என்றார். எனக்குப் பகீரென்றது. அவருடைய ஆஸ்பத்திரி பில்லெல்லாம் என் கையால்தான் ஃபைலுக்குப் போகும். வயிற்றில் புண், குழாய் விட்டு இரண்டு தடவை பார்த்தாயிற்று. அவர் வயிறு எரிந்தால் மறுநாள் எங்கள் வயிற்றில் அடிப்பார். கை கழுவப் போகிறவள்போல எழுந்து சமையலறை வாசலுக்குப் போனேன். அந்த அம்மாளுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. முதலாளியைக் காட்டினேன், வயிற்றைப் பிடித்துக் காட்டினேன், ஐந்தாம் நம்பர் கொடியையும் ஒன்றாம் நம்பர் கொடியையும் விரலால் இடம் மாற்றிக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் அவளுக்கும் ஒரு ஆம்பிளை இருப்பான்போல, சிரித்தாள்.

ஒன்றாம் நம்பர் சொல்லியிருந்தது நான் ஒருத்திதான், அதுவும் அதே பச்சைக் கறி. ஆகவே ஐந்தாம் நம்பர் கொடி குத்திய என் கிண்ணம் அவருக்குப் போனது. ஒன்றாம் நம்பர் கொடி குத்திய அவர் கிண்ணம் எனக்கு வந்தது.

முதல் வாயிலேயே காது அடைத்துப்போயிற்று. வேண்டுமென்றே கரண்டியைக் கீழே போட்டு, எடுக்கிற சாக்கில் மேஜைக்கு அடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மேலே முதலாளி, "பாருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சனா?" என்று பிஸ்கட்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர்களுடைய ஆர்டர் எங்களுக்குக் கிடைத்தது.

அப்புறம் பத்து வருஷம் இதே கூத்து. தண்ணீர் குடித்தால் எரிச்சல் பரவும், வெறும் சோற்றை வாயில் அடக்க வேண்டும், மூக்கால் மூச்சு விட வேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொண்டேன். நாலாம் வருஷத்திலிருந்து கண்ணில் நீர் வருவது நின்றுவிட்டது. மெனுவில் எழுபது ஐட்டம். அன்னாசிப்பழச் சோறு என்று ஒன்று, பழத்தைக் குடைந்து அதிலேயே வைத்துத் தருகிறார்கள், பக்கத்து மேஜைக்குப் போகும்போதெல்லாம் வாசனை ஆளைத் தூக்கும். நான் தின்றதில்லை. முதலாளி பச்சைக் கறி தின்கிறவரை நானும் பச்சைக் கறிதான், இல்லாவிட்டால் கிண்ணம் மாற்ற முடியாதே. ஆபீஸில் எனக்கு ஒன்றாம் நம்பர் அக்கா என்று பெயர் விழுந்தது. அவருக்கு அஞ்சாம் நம்பர் சார்.

சாப்பாட்டில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வாங்குகிறவர்கள் சொல்கிற உள்ளளவை முதலாளி வெளியளவு என்று எழுதிக்கொண்டு ஆர்டர் வாங்கி வருவார். அப்படியே வெட்டினால் சரக்கு உள்ளே போகாது. நான் மெஷின் மாமாவிடம் சத்தமில்லாமல் அட்டையின் கனத்தைச் சேர்க்கச் சொல்வேன். தன் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். சொல்லட்டும் என்று விட்டேன். புத்தி கெட்டவள்.

இந்த வருஷம் டிஸ்பேட்ச் மேஜையை எடுக்கிறார்கள். புது குடோன் கட்டியாயிற்று, இனி எல்லாம் அங்கிருந்தே போகும். அங்கே சூப்பர்வைசர் வேலை ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்டுவதில்லை, பெண்ணுக்குப் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, மாதம் பிறந்தால் வீட்டுக்கு வருவது என் சம்பளம் ஒன்றுதான். வெட்கத்தை விட்டு முதலாளியின் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"உங்கள விட்டா யாரும்மா? லஞ்ச்ல சொல்றேன், எல்லார் முன்னாடியும் சொன்னாத்தான் நல்லாருக்கும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை மூன்று வாரமாக நான் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

வருஷா வருஷம் சாப்பாட்டு லிஸ்ட் எடுப்பது நான். இந்தத் தடவை டிசைன் செய்கிற பெண் எடுத்தாள். "அக்கா, உங்களுக்கு வழக்கம்போலத்தானே?" என்று கேட்டாள், முகத்தைப் பார்க்காமல். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மேஜையில் பதினான்கு பேர். மெனு கை மாறிக்கொண்டே இருந்தது. மெஷின் மாமா இறால் சூப்புக்கு இரண்டா மூன்றா என்று கல்யாண முகூர்த்தம் பார்ப்பதுபோல யோசித்தார். "மூணு போட்டுக்கோங்க மாமா, நாளைக்கு லீவுதானே" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. டிசைன் பெண் பப்பாளி சாலட், நாலு. முதலாளிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஆள். அவர் மனைவியின் தம்பி என்றார்கள். நூடுல்ஸ், இரண்டு.

"எனக்கு அஞ்சு" என்றார் முதலாளி. எல்லோரும் கை தட்டினார்கள். பரிமாறுகிற அம்மாள் என்னைப் பார்த்தாள். கிண்ணங்கள் வரும் நேரத்தில் நான் எழுந்துபோய் இரண்டு விரலைப் பின்னிக் காட்டுவேன், மாற்று என்று அர்த்தம். அதுதான் எங்கள் பேச்சு. பன்னிரண்டு வருஷமாக அவளோடு வேறு ஒரு சொல் பேசியதில்லை.

சாப்பாடு வருவதற்கு முன் முதலாளி எழுந்தார். குடோனைப் பற்றி ஐந்து நிமிஷம். பிறகு, "சூப்பர்வைசரா நம்ம மச்சினன் வர்றார். எல்லாரும் ஒத்துழைப்புக் குடுக்கணும்" என்றார். அந்தப் பிள்ளை எழுந்து கும்பிட்டான். பெட்டிக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாத முகம்.

"இன்னொரு விஷயம். நம்ம ஒண்ணாம் நம்பர் மேடம் பன்னெண்டு வருஷம் ஓடா உழைச்சுட்டாங்க. இன்னியோட அவங்களுக்கு ரெஸ்ட்."

மேஜைக்கு அடியிலிருந்து டிசைன் பெண் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். சுவர்க் கடிகாரம். என் நேரம் கெட்ட அன்றைக்கே கடிகாரம். எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது, பணம் போட்டுக் கடிகாரம் வாங்குகிற அளவுக்கு. மெஷின் மாமாவுக்கும். கடிகாரத்தை வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

அந்த நேரத்தில் அந்த அம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். தட்டில் இரண்டு பச்சைக் கறிக் கிண்ணம், கையில் இரண்டு கொடி. என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் புருவத்தைத் தூக்கி இன்னும் ஒரு தடவை கேட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் கொடிகளை அந்தந்தக் கிண்ணத்திலேயே குத்திக் கொண்டுவந்து வைத்தாள்.

என் கிண்ணத்தில் முதல் முதலாக நிஜமான ஒன்றாம் நம்பர். தேங்காய்ப்பாலும் உப்பும்தான், நாக்குக்குப் பச்சைத் தண்ணீர்போல இருந்தது.

முதலாளி பழக்கப்படி பெரிய கரண்டியாக எடுத்து, கொடியை எல்லோருக்கும் காட்டிவிட்டு, வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். முகம் சிவந்தது. கௌரவத்துக்கு இன்னொரு கரண்டி எடுத்தார், அதுதான் ஆளைக் கொன்றது. கண்ணிரண்டும் குளமாகி, கன்னத்தில் வழிந்து, மூக்கும் சேர்ந்துகொண்டது. பேச வாய் திறந்தார், குரல் வரவில்லை. தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். இன்னும் வழிந்தது.

எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். பன்னிரண்டு வருஷத்துச் சோறு அன்றைக்குத்தான் செரித்தது.

அது எத்தனை நேரம் நிலைத்தது என்கிறீர்கள். மெஷின் மாமாதான் முதலில் ஆரம்பித்தார்.

"பாருங்கப்பா. சார் அழுவுறாரு."

"பன்னெண்டு வருஷமில்ல, பாசம் விட்டுப்போகுமா" என்றது ஒரு குரல். டிசைன் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்து அவரைப் படம் பிடித்தாள். யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். மச்சினனும் தட்டினான்.

முதலாளி எல்லா முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். வியாபாரி அல்லவா, வருகிற சரக்கை விடுவாரா. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். குரல் வந்ததும், "மன்னிச்சுக்கோங்க. மனசு கனமா இருக்கு. சாப்பாடு இறங்கல" என்று கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். கைதட்டல் இன்னும் பலமாக விழுந்தது.

நான் கையை நீட்டி அவருடைய கிண்ணத்தை இழுத்து என் முன்னால் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, அது அஞ்சாம் நம்பர்" என்றாள் டிசைன் பெண்.

"தெரியும்."

தின்றேன். சோற்றை வாயில் அடக்கி, மூக்கால் மூச்சு விட்டு, அவசரப்படாமல். அடியில் கிடந்த மிளகாயைக்கூட விடவில்லை. பேச்சு ஒவ்வொன்றாக நின்றுபோய் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார். காலிக் கிண்ணத்தை, கொடியை, என் முகத்தை. அப்புறம் என் பழைய கிண்ணத்தில் கிடந்த ஒன்றாம் நம்பர் கொடியை. பதினோரு வருஷம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது எனக்குத் தெரிந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொல்வார் என்று, அவ்வளவுக்குப் பிறகும், காத்திருந்தேன்.

"எல்லாருக்கும் ஐஸ்கிரீம் சொல்லுங்க" என்று மச்சினன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வரும்போது அந்த அம்மாள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு விரலைப் பின்னி, பிறகு மெல்லப் பிரித்துக் காட்டினாள். நான் தலையசைத்தேன்.

படியில் மெஷின் மாமா கடிகாரப் பொட்டலத்தை எனக்காகத் தூக்கிக்கொண்டு கூட இறங்கினார். பிறகு மனத்தாங்கலோடு சொன்னார்:

"சார் எப்படி அழுதாரு, பாத்தல்ல? உன் கண்ணுல ஒரு சொட்டு வரலியேம்மா. அவ்வளவு கல் மனசா உனக்கு?"

"பழகிடுச்சு மாமா" என்றேன்.