கத்தரிக்காய்ச் சொத்தை

அக்காவின் முதுகிலிருந்து புற்றை வெட்டியெடுத்த கதையைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் அந்தச் சலவைக்கூடத்தில் ஒருவரும் இல்லை. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் மற்ற பெண்களே அவளைப் பிடித்துத் தள்ளுவார்கள். "மேஸ்திரியம்மா, அந்தக் கத்தரிக்காய் கதைய ஒரு தடவ சொல்லுங்களேன்" என்பார்கள். அக்காவும் அதிகம் கெஞ்ச விடமாட்டாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள்.

"அந்த டாக்டர் பையனுக்கு மீசையே ஒழுங்கா முளைக்கல. கத்திய எடுத்ததும் கை நடுங்குது. தம்பி, பயப்படாத, வலிச்சா நான் சொல்றேன்னு நான்தான் அவனுக்குத் தைரியம் சொன்னேன். கத்தரிக்காய்ல சொத்தைய நோண்டுவோமே, அதே மாதிரி ஒரு நோண்டு. மிச்சக் காய் நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போங்கன்னு அனுப்பிட்டான். மதியம் வந்து விரிப்பு காயப்போட்டேன், நீங்களே பாத்தீங்கல்ல?"

பார்த்தார்கள்தான். மதியம் அவள் வந்ததைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் நடந்ததை யாரும் பார்க்கவில்லை, பார்க்க அவள் விடவும் இல்லை.

விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் துவைத்து மொட்டைமாடியில் கட்டியிருக்கும் கம்பிகளில் காயப்போடுவதுதான் அவர்களுடைய வேலை. உலர்த்தும் இயந்திரம் கீழே இருக்கிறது, ஆனால் விரிப்பு வெயிலில் காய்ந்தால்தான் வெளுப்பு நிற்கும் என்பது முதலாளியின் கட்சி. தலைக்கு மேலே ஒரு வெயில் என்றால், வெள்ளைத் துணியில் பட்டு முகத்தில் அடிப்பது இன்னொரு வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்து இருந்து அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சிரிக்காதபோதும் சிரிக்கிற மாதிரி ஒரு முகம் வந்துவிடும். அக்காவும் தங்கையும் இருபது வயதைத் தாண்டாத காலத்தில் அந்த மாடி ஏறினார்கள். இப்போது இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

தங்கையின் இடது கண்ணோரம், மூக்கை ஒட்டி, பளபளவென்று ஒரு சின்னப் பரு வந்தது. உதிர்ந்தது, பொருக்குத் தட்டியது, மறுபடி உதிர்ந்தது. "போய்க் காட்டுடி" என்று அக்கா சொல்லாமல் இல்லை. ஆனால் எப்படிச் சொன்னாள்? "உனக்கும் சொத்தை வந்துருச்சா? போய் நோண்டி எறிஞ்சிட்டு வா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னதைத் தங்கையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். நோண்டி எறிகிற விஷயம்தானே, மகள் பிரசவம் முடியட்டும், மழைக்காலம் முடியட்டும் என்று இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டாள். இதில் ஏமாளி என்று தங்கையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கூடப்பிறந்தவள் தன் உடம்பைக் காட்டிச் சொன்னதை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

அப்படித்தான் இன்று இருவரும் ஆஸ்பத்திரியின் இந்தக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இங்கே வைத்தியம் சுற்றுச் சுற்றாக நடக்கும். மரத்துப்போகிற ஊசி போட்டு மெல்லிசாக ஒரு அடுக்கு வெட்டுவார்கள். மேலே துணிக்கட்டுப் போட்டு வெளியே அனுப்புவார்கள். வெட்டிய துண்டை உள்ளே நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஓரமெல்லாம் சுத்தம் என்றால் தையல் போட்டு வீட்டுக்கு. எங்காவது மிச்சம் இருந்தால் மறுபடி கூப்பிட்டு அந்தப் பக்கம் மட்டும் இன்னும் ஆழமாக ஒரு அடுக்கு. ஆகவே அறையில் இருக்கிறவர்களுக்கு ஒருத்தர் நிலைமையைத் தெரிந்துகொள்ள வாய்திறந்து கேட்கவேண்டிய அவசியமே இல்லை. கட்டின் அளவே சொல்லிவிடும்.

தங்கை முதல் சுற்றுக்கு உள்ளே போனபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்து உட்கார்ந்தார். வண்டி ஓட்டும்போது ஜன்னல் பக்கம் வெயில் படும் காதின் மேல்மடிப்பில் ஆறாத புண். காதைத் தொடுவதும் கையை எடுப்பதுமாக இருந்தார். அக்காவைப் பார்த்து, "உங்களுக்காம்மா?" என்றார்.

"தங்கச்சிக்கு. எனக்கு முன்னாடியே ஆயிருச்சு."

"ரொம்ப வலிக்குமா?"

பழக்கம் பொல்லாதது. கேட்டவர் முகத்தில் பயத்தைப் பார்த்ததும் அக்காவின் வாய் தானாகத் திறந்தது. மீசை முளைக்காத டாக்டர், நடுங்கும் கை, சொத்தைக் கத்தரிக்காய் எல்லாம் வரிசை பிசகாமல் வந்தன. ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். எதிரே மூக்கில் கட்டோடு இருந்த கிழவர்கூட, சிரித்தால் வலிக்கிறது என்று கையைக் காட்டிக்கொண்டே சிரித்தார். ரொம்ப நாள் கழித்து நல்ல காரியம் செய்த மாதிரி அக்காவுக்கு இருந்தது.

தங்கை வெளியே வந்தாள். கண்ணோரம் சின்னக் கட்டு. "அக்கா, நீ சொன்ன மாதிரிதான், எறும்பு கடிச்ச மாதிரி ஒரு ஊசி. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

இரண்டாம் சுற்று முடிந்து வந்தபோது கட்டு கன்னம் வரை இறங்கியிருந்தது. எறும்பைப் பற்றி இப்போது பேச்சில்லை. "உள்ள ஏதோ சுரண்டினாங்கக்கா. சத்தம் கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னாள். அக்கா அவள் கையைப் பிடித்தாள். எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

மூன்றாவது முறை நர்ஸ் தங்கையை அழைத்துப்போன கையோடு, டாக்டரம்மா வாசலுக்கு வந்து அக்காவைத் தனியாகக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. "வெளியில தெரியறது கொஞ்சம்தான்மா. உள்ளுக்குள்ள வேர் விட்டுப் போயிருக்கு. கீழ் இமையில பாதிய எடுக்கணும். அதுக்கும் கீழ கண் குழிக்குள்ள போயிருக்கான்னு ஸ்கேன் பாக்கணும், அதுவரைக்கும் தையல் போட மாட்டோம், கட்டு மட்டும்தான். போயிருந்தா கண்ணக் காப்பாத்த முடியாது."

"முன்னாடியே வந்திருந்தா?" அக்கா தெரிந்தேதான் கேட்டாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடின்னா ஒரு சுத்துல முடிஞ்சிருக்கும். உங்க தங்கச்சிகிட்டயும் இதச் சொல்லிட்டேன்."

அக்கா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு சுற்றில் முடிந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த மாடியில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? கதை அளந்துகொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் போல அப்படியே போனது. ஓட்டுநர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வர்றேன்மா. உங்க பேச்சக் கேட்டப்புறம்தான் நிம்மதியா இருக்கு. இது நோண்டி எறியற வேலைதானே, இன்னைக்கே எதுக்கு? டெப்போல ஆள் இல்ல, லீவு கேட்டா மூஞ்சியக் காட்டறான். சீசன் முடியட்டும், மெதுவா வந்துக்கறேன்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு லேசாக இருந்தது அந்த முகம். அந்த லேசை அங்கே வைத்தது அவள்தான். சும்மா இருந்துவிட்டால் அவர் படியிறங்கிப் போய்விடுவார், கதையும் கதையாகவே இருக்கும். வாயைத் திறந்தாலோ இத்தனை வருடம் கட்டிக்காத்த தைரியசாலிப் பட்டம் ஆஸ்பத்திரித் தரையில் விழும். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை இருக்கிறாள். அவள் காதுக்கு ஒருநாள் எட்டாமல் போகாது.

"உக்காருங்க" என்றாள் அக்கா.

"இல்லம்மா, பஸ்ஸு..."

"உக்காருங்கன்னு சொல்றேன்ல. நான் சொன்னது பொய்."

ஓட்டுநர் நின்றபடியே பார்த்தார்.

"கத்தரிக்காயும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொத தடவ எடுத்தாங்க, ஓரம் சரியில்லன்னு மறுபடி வரச் சொன்னாங்க. நான்தான் வீம்புக்கு மதியமே மாடி ஏறினேன். ஈரத்துணியத் தூக்கினதுல தையல் பிரிஞ்சு ரத்தம் பாவாடை வரைக்கும் வந்துச்சு. தண்ணி மேல பட்டுருச்சுன்னு சொல்லிக் கறுப்புத் துணியச் சுத்திக்கிட்டேன். அப்புறம் சீழ் வெச்சுருச்சு. மகன் வீட்டுக்குப் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இதே ஆஸ்பத்திரில வந்து படுத்தேன். ரெண்டாவது தடவ ஆழமா வெட்டினாங்க. கூட ஆள் இல்ல. குப்புறப் படுத்து, தலகாணியக் கடிச்சுக்கிட்டு அழுதேன். என் தங்கச்சிக்குக்கூடச் சொல்லல."

"ஏம்மா அப்படி?"

"மொத தடவ வெட்டிட்டு மாடி ஏறின அன்னைக்கு எல்லாரும் என்னைப் பொணத்தப் பாக்கற மாதிரி பாத்தாங்க. என்னால தாங்க முடியல. சிரிக்க வெச்சேன். சிரிச்சாங்க. அப்புறம் விட முடியல." அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதக் கேட்டுட்டுத்தான் எந்தங்கச்சி ரெண்டு வருஷம் சும்மா இருந்தா. இப்ப அவ கண்ணு போகப்போகுது. நீங்க போகாதீங்க."

ஓட்டுநரின் பார்வை அக்காவைத் தாண்டிப் போனது. அக்கா திரும்பினாள்.

வாசலில் நர்சின் தோளைப் பிடித்துக்கொண்டு தங்கை நின்றிருந்தாள். முகத்தில் பாதிக்குக் கட்டு. திறந்திருந்த ஒரு கண் அக்காவையே பார்த்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவள் மெல்ல நடந்து வந்தாள். அக்கா எழுந்து கை கொடுக்கப் போனாள், அதை வாங்கிக்கொள்ளாமல் ஓட்டுநர் முன்னால் போய் நின்றாள்.

"அவ சொல்றதக் கேளுங்க" என்றாள். மரத்துப்போன உதட்டில் வார்த்தை கொழகொழத்தது. "மொதல்ல சொன்னத இல்ல. இப்ப சொன்னத."

ஓட்டுநர் உட்கார்ந்தார். நெடுநேரம் கழித்து அவர் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து உள்ளே போனார். போகும்போது காதைத் தொடவில்லை.

வீடு திரும்பும் வழியில் தங்கை ஒரு தடவை திட்டியிருந்தால் அக்காவுக்குப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். அவளோ வண்டியில் கட்டுப் போட்ட பக்கத்தை அக்காவுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைத் துணிதான். ஆயுசு பூராவும் பார்த்த வெள்ளைத் துணி, அன்றைக்கு அதைப் பார்க்க அவளுக்குத் திராணியில்லை.

மறுநாள் காலையில் கட்டு மாற்றவேண்டும். அக்கா உப்புநீர்க் குப்பியையும் களிம்பையும் ஒட்டாத துணியையும் ஒரு தட்டில் எடுத்துவைத்தாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள். தங்கை சமையலறை ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அறையில் இருந்த கண்ணாடியை அவளே காலையில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். உப்புநீரை ஊற்றி ஊற்றி, ஒட்டிக்கொண்ட துணியை அக்கா மெதுவாகப் பிரித்தாள்.

"எப்படி இருக்கு?"

அக்காவின் வாயில் பழைய பதில் வந்து நின்றது. ஒண்ணுமில்லடி, எறும்புக்கடி. அதை அப்படியே விழுங்கினாள்.

"குழியா இருக்கு" என்றாள். "மூக்கு ஓரத்துலேருந்து கன்னம் வரைக்கும். ஒரு எலுமிச்சம்பழம் உக்கார்ற அளவு. கீழ் இமை பாதி இல்ல. செக்கச்செவேல்னு இருக்கு. அடியில ஒரு எடத்துல வெள்ளையாத் தெரியுது, எலும்பா என்னன்னு எனக்குத் தெரியல. சீழ் இல்ல. நாத்தம் இல்ல. கண்ணு முழி நல்லா இருக்கு. என்னையே பாக்குது."

"கண்ணு நிக்குமா?"

"தெரியல குட்டி. ஸ்கேன் பாத்துத்தான் சொல்வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"உன் முதுகக் காட்டு."

அக்கா தயங்கினாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து, ரவிக்கையைத் தளர்த்தித் தோளுக்குக் கீழே இறக்கினாள். மகன், மருமகள் யாருக்கும் காட்டாத இடம். தோள்பட்டைக்கு அடியில் சதை உள்வாங்கி, தோல் கோணல்மாணலாக இழுத்துக்கொண்டு, ஒரு பக்கம் பழைய தையல் பிரிந்த தடம் தடித்து ஓடியது.

தங்கையின் விரல் அந்தக் குழிக்குள் வந்து நின்றது. மேல்கணு வரை உள்ளே போயிற்று. அக்காவுக்கு அந்த இடத்தில் உணர்ச்சி கிடையாது. சுற்றியுள்ள தோலில் பட்டதை வைத்துத்தான் தெரிந்தது.

"தனியாவா போனே?"

"ஆமா."

விரல் அங்கேயே இருந்தது. பின்னால் தங்கை அழுகிறாளா என்று அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அழக்கூடாது, கண்ணீர் ஊறினால் புண் ஆறாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"இத ஒரு தடவ காட்டியிருந்தா" என்றாள் தங்கை, "மறுநாளே போயிருப்பேன்க்கா."

அதில் கோபம் இல்லை. அக்கா ரவிக்கையை ஏற்றிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சரி, திரும்பு" என்றாள் தங்கை. "கட்டப் போடு. காத்து பட்டு எரியுது."