பதினோராவது துளி

கம்பெனியிலிருந்து வந்தவர் கறுப்பு நிறத்தை மூன்றாவது முறையாக எடை போட்டார். சின்ன பிளாஸ்டிக் கிண்ணம், ஒரு தராசு, பத்துத் துளி. மறுபடியும் தலையைச் சொறிந்தார்.

"மேடம், பத்து கேட்டா இது பதினொண்ணு ஊத்துது."

எங்கள் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் மெஷினுக்கு ஒரு கம்ப்யூட்டர்தான் மூளை. வயது பன்னிரண்டு. அதில் ஓடும் சிஸ்டத்தை, செய்தவர்களே எப்போதோ கைகழுவிவிட்டார்கள். புது நிறங்கள் அதில் ஏறாது. வைரஸ் வந்தால் கேட்பாரில்லை. போன மாதம் மட்டும் நான்கு முறை, ஆள் எதிரில் நிற்கும்போதே உறைந்துபோனது. என் தம்பி ஒரு வருடமாக, "மாத்திடலாம்க்கா" என்று ஒரே பல்லவி. ஓடுகிற வரை ஓடட்டும் என்று நானும் பிடித்த பிடியை விடவில்லை. சோம்பேறித்தனம் என்று அவன் நினைத்தான். பாதி உண்மை. மீதிக் காரணம், அதற்குள் இருக்கும் பட்டியல். நாங்கள் கலந்து கொடுத்த ஒவ்வொரு நிறமும் நான் வைத்த பெயரோடு அதில் இருக்கிறது: 'கோபக்கார டாக்டர் ஹால்', 'மூணு தடவை மாத்தின பச்சை', 'புருஷனுக்குப் பிடிக்காத மஞ்சள்'. எப்போது வந்தாலும் அதே நிறம் தருவோம் என்று கடைப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறோம். பட்டியல் முழுசாகப் புதுசுக்கு வந்துவிடும் என்று கம்பெனிக்காரர் அடித்துச் சொன்ன பிறகுதான் சம்மதித்தேன்.

"புது சிஸ்டம் எடையைச் சரிபார்க்காம வேலையே செய்யாது. அதுல கரெக்டா பத்துதான் விழும்," என்றார் அவர். "பழைய நிறமெல்லாம் இனிமே கொஞ்சம் வெளுப்பா வரும்."

"அப்ப லிஸ்ட்ல எல்லாத்துக்கும் கறுப்பைக் கொஞ்சம் கூட்டி எழுதிட்டா போச்சு," என்றான் தம்பி.

"எழுதலாம் சார். ஆனா இந்தக் கோளாறு எப்பலேருந்து இருக்கு? பன்னெண்டு வருஷமாவா, போன வாரத்துலேருந்தா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் மெஷினைப் பார்த்தேன். அது யாரையும் பார்க்கவில்லை. பயம் இருந்தது என்னவோ உண்மை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதைவிட அதிகமாக ஆர்வம்தான் குறுகுறுத்தது. எத்தனை வீட்டுச் சுவர்களில் எங்கள் பதினோராவது துளி காய்ந்து கிடக்கிறது? அந்த டாக்டர் கோபப்பட்டதில் நியாயம் இருந்ததோ?

அந்த நேரம் பார்த்து மில்லிமீட்டர் உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர். பிரஷ்ஷின் முடியைக்கூட அளந்து பார்த்து வாங்குகிறவர் என்பதால் தம்பி வைத்த பெயர் அது.

"பெட்ரூம் சுவரை உடைச்சு பைப் மாத்தினாங்கம்மா. ஆறு வருஷத்துக்கு முன்னால இங்க வாங்கின அதே நீலம் ஒரு லிட்டர் வேணும்." கொஞ்சம் நிறுத்தினார். "நாளைக்கு அவளை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வரேன். ரெண்டு மாசம் ஆச்சு. ரூம் நீ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவர் மனைவியை எனக்கு நினைவிருந்தது. அந்த ஒரு நீலத்துக்காக மூன்று நாள் வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற அட்டைகளைப் பார்த்தவர். ஒட்டுப் போட்டால் படுத்தபடியே கண்டுபிடித்துவிடுவார்.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் கண்கள் விரிந்தன.

"பத்துக்கு ஒண்ணு பிழையா? அதைப் பார்த்துக்கிட்டா ஆறு வருஷம் தூங்கியிருக்கேன்?"

கோளாறு ஆறு வருடத்துக்கு முன்பே இருந்ததா என்று அவர் வீட்டுச் சுவரிடம்தான் கேட்க வேண்டும். கம்பெனிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பழைய சிஸ்டத்திலேயே இரண்டு டப்பா கலந்தேன். ஒன்றுக்குப் பட்டியலில் இருந்தபடி கறுப்பு பத்து என்று தட்டினேன்; பதினொன்று விழுந்தது. மற்றதற்கு ஒன்பது என்று தட்டினேன்; பத்து விழுந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு அவரோடு நடந்தேன். வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

கட்டிலில் துவைத்த விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. சுவரில் பைப் போன வழி மட்டும் வெள்ளைப் பட்டையாக நின்றது. அதை ஒட்டி, பழைய நீலத்தின் மேல் இரண்டு பொட்டு வைத்தேன். இடது பத்து, வலது பதினொன்று. ஈரத்தில் இரண்டுமே சுவரைவிட வெளிறித் தெரிந்தன. காய்ந்து கறுத்தால்தான் உண்மை தெரியும். அவர் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து நின்று பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் போய்ப் படுத்துக்கொண்டார்.

"இங்கேருந்துதானே அவ பார்ப்பா."

போன் அடித்தது. தம்பி.

"அக்கா, அவருக்கு அடுத்த கடைக்கு நேரமாச்சாம். புது சிஸ்டத்தைப் போடச் சொல்லவா, வேணாமா? லிஸ்ட்ல கறுப்பைக் கூட்டணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

"காயட்டும்னு சொல்லுடா."

மனைவியின் தலையணையில் தலை வைத்து, மில்லிமீட்டர் கண் கொட்டாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொட்டின் ஓரம் மெல்லச் சுவரோடு சேரத் தொடங்கியிருந்தது.