பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள்

என் புருஷன் சிவகரன் மணல் டிப்பர் ஓட்டுகிறவர். எங்கள் மகள் தக்சாயினி இனிப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகக் கூடாது என்று அதைப் பூட்டி வைத்தவரும் அவர்தான்.

“உந்த றோட்டிலை ஓடுறவங்களை எனக்குத் தெரியும். ஒருத்தனும் பிரேக்கிலை கால் வையான்,” என்றார்.

“அப்ப நீங்களாவது வையுங்கோவன்.”

“நான் மெல்லப் போனால் மற்றவன் முந்திப்போய் லோட் ஏத்திப்போடுவான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இந்த மனுஷன் ஊட்ட வேண்டாம், இடிக்காமல் போனாலே போதும்.

பஸ்ஸை நம்பவும் முடியாது. சீசன் டிக்கெட்டில் போகிற பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் நிற்பாட்டாமலே போய்விடும். பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை நெருங்குகிற நேரத்தில் வாரத்தில் பாதி நாள் பிள்ளை வீட்டில் இருந்தாள். நான் சண்டை பிடித்தேன். கடைசியில், “என்னோடை டிப்பரிலை வரட்டும்,” என்றார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

முதல் நாளே மகள் பேயறைந்தவள் போலத் திரும்பி வந்தாள். எங்கள் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் இருக்கிற பிரசாந்தியும் இவளும் ஒரே வகுப்பு, ஒன்றாகச் சைக்கிளில் போய்வந்தவர்கள்.

“அம்மா, பிரசாந்தி முன்னுக்குச் சைக்கிளிலை போனவள். அப்பா கண்டவர். கண்டுதான் ஹோன் அடிச்சவர். மெல்லப் போங்கோ எண்டு கத்தினனான், கேக்கேல்லை. அவள் பயந்து முள்ளுக்கம்பி வேலிக்குள்ளை விழுந்திட்டாள். விழுந்து கிடந்து என்னைப் பாத்தவள், அம்மா.”

பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிரசாந்தியின் கை முழுக்கக் கீறல். தாய் என்னை இருக்கச் சொல்லவில்லை.

“இனிச் சைக்கிளிலை விடமாட்டன் அக்கா. உங்கடை பிள்ளைக்கு டிப்பர் இருக்கு. என்ரை பிள்ளை எதிலை போறது?”

நான் திரும்பி வந்தேன். வெட்கமாக இருந்தது.

அவர் வேலையால் வந்ததும் கேட்டேன். “முட்டேல்லைத்தானே,” என்றார். “எங்கடை பிள்ளை பத்திரமாப் போய்ச் சேர்ந்தவள்தானே.”

அடுத்த நாள் காலை அவர் வாசலில் டிப்பரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு நின்றார். தக்சாயினி யூனிஃபோம் போட்டு, தலை பின்னி, கட்டிலில் இருந்தாள். எழும்பவில்லை. ஏறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. போகாதே என்று சொல்லவும் முடியவில்லை, சோதனை எடுக்க இருக்கிற பிள்ளை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் இருந்து ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போகவில்லை.