படி இல்லாத அறை

"குடிக்க வர்றவனுக்கெல்லாம் பாண்டியில ரூம் இருக்கு. நாடகம் பாக்க வர்றவனுக்குத்தான் இல்லையாம்" என்று சொல்லிவிட்டு உத்திராபதி போனை மேசைமேல் வைத்தார்.

வடிவாம்பாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீழ்த்தளத்தில் இருக்கிறதா என்று கேட்டீர்களா, மேல்நாட்டுக் கக்கூஸா என்று கேட்டீர்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எல்லாம் கேட்டாயிற்று என்றார். குளியலறைக்குள் இறங்கப் படி இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்டால் நோயாளி என்று நினைத்துவிடுவார்களாம்.

"நெனச்சா நெனச்சுட்டுப் போறான். அவன் என்ன நமக்குச் சம்பந்தியா?" என்றாள்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏனென்றால் சம்பந்திக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை விசாரணையும்.

உத்திராபதி கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ்காரர்கள் நாடகம் போட்ட காலத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவர். நடிக்க வராது, ஆனால் நாடகம் என்றால் உயிர். தை மாதம் பாண்டிச்சேரியில் ஒரு வாரம் நாடகம் நடக்கும். புருஷனும் பெண்டாட்டியும் வருஷம் தவறாமல் போவார்கள். மகள் எழில்மதிக்குக் கல்யாணம் ஆகும்வரை லாட்ஜில்தான் தங்கினார்கள். அதற்கென்று அவர் சட்டம் வைத்திருந்தார். அரங்கத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரம். ரோட்டுப் பக்கம் ஜன்னல் கூடாது. வாசலிலேயே நல்ல காப்பி கிடைக்க வேண்டும். மாப்பிள்ளையை ஒரே தடவை பார்த்துச் சம்மதம் சொன்ன மனுஷன், லாட்ஜுக்குப் போனால் மட்டும் மூன்று அறையைத் திறந்து காட்டச் சொல்வார் என்று வடிவாம்பாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

எழில்மதியைப் பாண்டிச்சேரியில் கொடுத்த பிறகு லாட்ஜ் பேச்சே இல்லை. பெண் கொடுத்த ஊரில் போய் அறை எடுத்துத் தங்கினால், அந்த வீட்டில் நமக்குச் சோறு இல்லை என்று ஊருக்கே சொல்வது போல. வருஷா வருஷம் சம்பந்தி சொர்ணாம்பாள் வீட்டு மாடியில்தான் படுக்கை. நாடகம் முடிந்து வரும்போது சூடாக இட்லி இருக்கும்.

இந்த ஆவணியில் உத்திராபதிக்கு ராத்திரியில் நீர் தங்காமல் போயிற்று. எழுந்து போவதற்குள் வேட்டி நனைந்துவிடும். பிறகு எழுவதே தெரியாமல் நனைந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், வயசுக் கோளாறு என்றார். வடிவாம்பாள் சாப்பாட்டு மேசையில் கிடந்த ரெக்ஸின் விரிப்பை எடுத்து மெத்தைமேல் போட்டாள். அன்றிலிருந்து அந்த மேசையில் யாருக்கும் இலை போடவில்லை.

கொல்லையில் ஒருநாள் அவர் வழுக்கி விழுந்தபோது அவளால் தூக்க முடியவில்லை. அவளுக்கே முழங்கால் மடங்காது. பக்கத்து வீட்டு நவநீதன் வேலையிலிருந்து வரும்வரை இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டு எழில்மதி போனில் அழுதாள். அவள் ஒரே மகள். தன் மாமியாரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சம்மதம் வாங்கிவிட்டாள். கீழ் அறை காலியாக இருக்கிறது, அப்பாவும் அம்மாவும் சித்திரையில் இங்கேயே வந்துவிடட்டும். தீபாவளிக்குப் பேசும்போது சொர்ணாம்பாளே போனை வாங்கி, "வந்துருங்க அண்ணி. எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு" என்றாள்.

எனவே சித்திரை வரைக்கும் இந்த விஷயம் அங்கே தெரியக்கூடாது என்றார் உத்திராபதி.

"சொல்லிட்டா என்னங்க? அவங்க வூட்டுக்காரரை மூணு வருசம் படுக்கையில வச்சுப் பாத்தவங்கதான அவங்க" என்றாள் வடிவாம்பாள்.

"அதனாலதான் சொல்லக்கூடாதுங்கறேன். அவரு காரியத்தன்னிக்கு என்ன சொன்னாங்க? இனிமே ஒருத்தருக்கு மூத்திரத் துணி அலச எனக்குத் தெம்பு இல்லன்னு சொன்னாங்களா இல்லையா? நீதான வந்து எங்கிட்ட சொன்ன."

அவள்தான் சொன்னாள். எழிலிடமாவது சொல்லலாமே என்றதற்கு, மகளுக்குத் தெரிந்தால் அத்தைக்குத் தெரிய எத்தனை நாழி ஆகும் என்றார். நாடகத்துக்கே இந்த வருஷம் போகாமல் இருந்துவிடலாம் என்றும் அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் லாட்ஜ் தேடும்படி ஆயிற்று.

பழைய சட்டமெல்லாம் போய்ப் புதுச் சட்டம் வந்தது. கீழ்த்தளம், படி இல்லாத குளியலறை, அதைவிட முக்கியமாக மாப்பிள்ளை அறிவுச்செல்வனின் பைக் போகாத தெரு. கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒன்று அமைந்தது. மேனேஜர் ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார். நாடகம் பார்க்க என்றதும், "இந்த வயசுலயா?" என்றாராம். படி இருக்கிறதா என்று வடிவாம்பாளே போனை வாங்கிக் கேட்டாள். இல்லையென்றார்.

மகளிடம் வேறு கதை சொன்னார்கள். கோட்டுச்சேரியிலிருந்து ஆறேழு பேர் வேன் பேசிக்கொண்டு வருகிறோம், நாடகம் முடிந்ததும் அதே வேனில் திரும்பிவிடுவோம், வீட்டுக்கு வர நேரம் இருக்காது. எழில்மதி கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். பிறகு சரி என்றாள்.

தையில் ஒரு செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போய் இறங்கி, அறையில் பையை வைத்துவிட்டு, ஆட்டோவில் அரங்கத்துக்குப் போனார்கள். உத்திராபதி சலவைச் சட்டை போட்டிருந்தார். உள்ளே டயபர் கட்டியிருந்ததால் நடை கொஞ்சம் அகன்றிருந்தது. சின்னப் பிள்ளை நடக்கிற மாதிரி இருக்கிறது என்று வடிவாம்பாள் நினைத்தாள், சொல்லவில்லை.

இடம் பிடித்து உட்கார்ந்தவுடன் பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது.

"நாங்களும் வந்துட்டோம் அண்ணி" என்றாள் சொர்ணாம்பாள். பட்டுப் புடவை. கூடவே எழில்மதி, கையில் நாலு அடுக்கு எவர்சில்வர் கேரியர். வீட்டுக்கு வர நேரமில்லை என்றால் என்ன, சாப்பாடு வரக்கூடாதா என்றாளாம் அத்தை. வேனில் போகிற வழியில் சாப்பிடப் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும், கூட வந்தவர்களுக்கும் சேர்த்தே கட்டியிருந்தாள். எழில்மதிக்கு அதில் பெருமை. அவளுக்குச் சீர் வைத்த கேரியர்தான் அது. மேல் மூடியில் புள்ளி புள்ளியாக அவள் பெயர் வெட்டியிருக்கும்.

நாடகத்தில் இரண்டு நாற்காலிகளும் ஒரு கதவுச் சட்டமும் மட்டுமே இருந்தன. "இத வச்சே ஊடு, ஆபீசு, ஆத்தங்கரை எல்லாத்தையும் காட்டிட்டானே" என்று சொர்ணாம்பாள் காதோடு சொன்னாள். புருஷன் போன பிறகு அவள் வீட்டைவிட்டு இப்படி வந்ததே இல்லை. அவள் சிரிக்கச் சிரிக்க வடிவாம்பாள் இல்லாத வேனுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தாள். உத்திராபதி மேடையைப் பார்க்கவே இல்லை. வெளியே போகிற வழியில் எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்து வெளியே வந்தார்கள். நாங்கள் போய்க்கொள்கிறோம், நீங்கள் கிளம்புங்கள் என்று வடிவாம்பாள் சொல்லிப் பார்த்தாள்.

"ஏத்தி வுட்டுட்டுத்தான் போவோம். வேன் எங்க நிக்கிது?" என்றாள் சொர்ணாம்பாள்.

வரும் என்றார் உத்திராபதி. நின்றார்கள். கூட்டம் கரைந்தது. நடித்தவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். காவலாளி ஒரு பக்கக் கேட்டைச் சாத்திவிட்டு இவர்களைப் பார்த்தான். கூட வந்தவர்கள் யாரையும் காணோமே என்று எழில்மதி கேட்டாள்.

"வுட்டுட்டுப் போயிட்டானுவோ போலருக்கு" என்றார் உத்திராபதி.

"அதுக்கென்ன அண்ணே, நம்ம வீடு எங்க போச்சு? நடங்க. மாடியில படுக்கையத் தட்டிப் போட எவ்வளவு நேரம் ஆவும்?" சொர்ணாம்பாள் அதற்குள் ஆட்டோவுக்குக் கையைக் காட்டிவிட்டாள்.

ஆட்டோ வந்து நின்றது. எழில்மதி ஏறி உட்கார்ந்து அம்மாவுக்கு இடம் விட்டாள். வடிவாம்பாள் புருஷனைப் பார்த்தாள். மாத்திரை, மாற்று வேட்டி, ரெக்ஸின் எல்லாம் லாட்ஜில் கிடந்தன. அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லம்மா. ரூம் போட்டிருக்கோம்" என்றார்.

சொர்ணாம்பாளுக்கு முதலில் விளங்கவில்லை. "எப்ப?"

"போன வாரமே சொல்லி வச்சாச்சு."

வேன் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது சொர்ணாம்பாள் முகத்தில் மெல்ல ஏறியதை வடிவாம்பாள் பார்த்தாள். ஆட்டோக்காரர் என்னம்மா என்றார். சொர்ணாம்பாள் மருமகள் மடியிலிருந்த கேரியரை எடுத்து வடிவாம்பாள் கையில் கொடுத்தாள்.

"சாப்புடுங்க. கேரியரத் திருப்பித் தர வேணாம். உங்க வூட்டுதுதான அது."

ஆட்டோ போன பிறகும் இருவரும் அங்கேயே நின்றார்கள்.

காலையில் வடிவாம்பாள் எழுந்து ரெக்ஸினைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. பல மாதத்தில் முதல் தடவை. அவரும் எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டியதுதான், யாரும் படவில்லை. ராத்திரி அவர் தூங்கியிருந்தால்தானே நனைய.

கேரியரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றாள். அவர்கள்தான் வேண்டாம் என்றார்களே என்றார்.

"வேணாம்னா வச்சுக்கற பண்டமாங்க அது? சீரைத் திருப்பிக் குடுத்திருக்காங்க. உங்களுக்குப் புரியலயா?"

புரிந்துதான் இருந்தது. ஆட்டோவில் வாசல்வரை வந்தார், இறங்கவில்லை. "உள்ள போயி எதையும் சொல்லிடாத வடிவு. எம்மானத்த வாங்கிடாத" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் அவர் எதையும் கேட்டதில்லை.

சொர்ணாம்பாள் வாங்க என்றாள். காப்பியும் கொடுத்தாள். எழில்மதி கண் வீங்கி ஓரமாக நின்றாள். கீழ் அறைக் கதவு திறந்திருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை. உள்ளே இரட்டைக் கட்டில், அதற்கப்பால் குளியலறை. அதன் வாசலில் ஈரச் சாக்கு விரித்திருந்தது. வடிவாம்பாள் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சொர்ணாம்பாள் சொன்னாள்:

"அங்க ஒரு படி இருந்துச்சு. அண்ணனுக்குக் கால் வலின்னு எழில் சொன்னா. முந்தாநாத்துதான் கொத்தனாரை வச்சு இடிச்சுச் சமப்படுத்துனேன். சிமெண்டு இன்னும் காயல."

வடிவாம்பாள் காப்பியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அண்ணி. எட்டு வருசமா வந்து தங்கிட்டுப் போனீங்க. என் வீட்ல என்ன குறை கண்டீங்க?" என்றாள் சொர்ணாம்பாள்.

இதுதான் சமயம். வாயைத் திறந்தால் போதும். ஜன்னல் வழியாக ஆட்டோ தெரிந்தது. அவர் விறைப்பாக, சலவைச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். படியை இடித்தவள் துணியும் அலசுவாளா? கால் வலிக்கு இரங்கினவள் இதற்கும் இரங்குவாளா? வடிவாம்பாளுக்குத் தெரியவில்லை. அவர் குரல் மட்டும்தான் காதில் நின்றது.

"ஒரு குறையும் இல்லீங்க. நாடகம் முடிஞ்சா அவருக்கு நாலு பேரோட ஒக்காந்து பேசணும். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

சொல்லும்போதே அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்தது.

"சரி. எங்க வீடு அதுக்குத் தோதுப்படாதுதான்" என்றாள் சொர்ணாம்பாள். கோபமாகச் சொல்லவில்லை. கீழ் அறையை வாடகைக்குக் கேட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் வந்துபோகிறார், சித்திரையில் நீங்கள் வருவதாக இருந்ததால் இல்லை என்று சொல்லிவைத்திருந்தேன், இனி அவருக்கே கொடுத்துவிடலாம் என்றாள். எழில்மதி ஏதோ சொல்ல வந்தாள். "நீ இரும்மா" என்றாள் மாமியார்.

கேரியரை வடிவாம்பாள் நீட்டினாள். சொர்ணாம்பாள் கை வரவில்லை. எழில்மதி வாங்கப் போனவள், அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்தாள். கேரியர் அவள் மடியில் இருந்தது. என்ன சொன்னார்கள் என்று கடலூர் தாண்டிய பிறகுதான் கேட்டார்.

"காப்பி குடுத்தாங்க."

"சொல்லிட்டியா?"

"இல்ல."

அவர் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. சித்திரைக்கு முன்னால் உடம்பு சரியாகிவிடும், கோபம் எல்லாம் தணிந்துவிடும் என்றார். அந்த லாட்ஜும் ஒன்றும் மோசமில்லை, அடுத்த வருஷத்துக்கும் அதையே சொல்லிவைக்கலாம், அங்கே படி இல்லை பார் என்றார்.

"அங்கயும் படி இல்ல. உங்களுக்காக இடிச்சுட்டாங்க. வாத்தியாருக்கு வாடகைக்கு வுடப்போறாங்க" என்றாள்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே நெல் அறுத்த வயல்கள் வெறுமையாக ஓடின. சிதம்பரம் இன்னும் வரவில்லை.

"வடிவு" என்றார், திரும்பாமலே. "எறங்கணும்."

பஸ் நிற்கிற இடம் இல்லை அது. வடிவாம்பாள் கேரியரைக் காலடியில் வைத்துவிட்டு, தோள்பையிலிருந்து துண்டை எடுத்து அவர் மடிமேல் விரித்தாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்காதபடி கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.