மறைத்து எழுதிய சர்க்கரை

“டாக்டர் வந்து சர்க்கரை எப்பலேர்ந்து இருக்குன்னு கேட்டா, ஆறு மாசமாத்தான்னு சொல்லுங்க அத்தை. மாத்திரை எதுவும் எடுக்கல, சாப்பாட்டுலயே கட்டுப்பாடா இருக்கார்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.”

இதைச் சொல்வதற்குள் மாப்பிள்ளை ஆஸ்பத்திரி அறையின் கதவை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார். மாமியார் தலையாட்டினாள். கட்டிலுக்குக் கீழே இருந்த துணிப்பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள். துண்டுக்கும் மாற்றுச் சட்டைக்கும் நடுவில் அவள் புருஷனின் சர்க்கரை மாத்திரைகள் இருந்தன. அவர் அவற்றை விழுங்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

புருஷன் காலமெல்லாம் சலூன் நடத்தியவர். தெருவில் அவருக்குச் சலூன்காரர் என்றுதான் பெயர். நெஞ்சில் மூன்று இடத்தில் அடைப்பு, தள்ளிப்போட முடியாது, ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த இன்சூரன்ஸ் பாலிசிப் பணம் வந்தால் ஆபரேஷன் நடக்கும். வராவிட்டால் குடியிருக்கிற வீட்டை விற்க வேண்டும். வீடு விலை போகும்வரை அந்த நெஞ்சு பொறுத்திருக்குமா என்பதுதான் அவளுடைய கவலை.

அவளைச் சூப்பர்வைசரம்மா என்பார்கள். சட்டைக் கம்பெனியில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தையல் பார்த்தவள். காலர் கொஞ்சம் கோணினாலும் மொத்தக் கட்டையும் பிரிக்கச் சொல்வாள். முதலாளியையே எதிர்த்துப் பேசிய வாய் அது. ஆனால் மாப்பிள்ளை என்று வந்துவிட்டால் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். பெண்ணைக் கொடுத்த இடம், நாளைக்குப் பெண்ணிடம் காட்டுவாரோ என்ற பயம். இந்தப் பயத்தில் எத்தனை மாமனார் மாமியார் தங்கள் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களோ, கணக்கே கிடையாது.

மாப்பிள்ளை ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவில் சாய்ந்தபடி, கேள்வியையும் அவரே கேட்டு, பதிலையும் அவரே எழுதி, மாமனாரிடம் கையெழுத்து மட்டும் வாங்கினார்.

“அவருக்குத்தான் சர்க்கரை எட்டு வருஷமா இருக்கே மாப்பிள்ளை, அதை எழுத வேண்டாமா?” என்று அன்றைக்கே அவள் கேட்டாள்.

“எழுதினா டெஸ்ட் எடுன்னு இழுத்தடிப்பாங்க அத்தை. இந்த மாசக் கணக்குல இதைச் சேர்க்கணும். நான் இருக்கேன்ல?”

“அரசாங்கத்துலயும் வயசானவங்களுக்குக் காப்பீடு தர்றாங்களாமே?”

“அதெல்லாம் வக்கில்லாதவங்களுக்கு. என் மாமனார் அந்த வரிசையில போய் நின்னா எனக்கு மரியாதையா?”

மரியாதை என்ற சொல் விழுந்ததும் பேச்சு முடிந்துவிட்டது. அவள் காபி கலக்கப் போனாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே, மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தபடி ஆறு மாசம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள். இப்போது மூன்றாம் நாள். காலையில் நர்ஸ் வந்து சலூன்காரருக்கு ஓர் ஊசி போட்டாள். “இன்னிக்கு ஸ்கேன் இருக்கும்மா. கூப்பிடற வரைக்கும் எதுவும் சாப்பிடக் குடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஊசி எதற்கு என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால், வீட்டில் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று நர்ஸ் திருப்பிக் கேட்பாள். வாயை மூடிக்கொண்டாள். இரண்டு நாளாக மாத்திரை இல்லாமல் இருக்கிறாரே என்ற பதைப்பில், யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பையைத் துழாவி, மாத்திரையை எடுத்து அவர் வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேர்த்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. “என்னங்க, என்ன பண்ணுது?” என்று உலுக்கினாள். அவர் அவளைப் பார்த்து, “அடுத்த ஆளை உக்காரச் சொல்லு” என்றார். கண் எங்கோ நிலைகுத்தி நின்றது. அவள் கதவுக்கு ஓடினாள். கத்திய கத்தலில் நர்ஸ் ஓடி வந்தாள், அவள் பின்னாலேயே டூட்டி டாக்டரம்மாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள்.

விரலில் குத்திப் பார்த்த டாக்டரம்மா திடுக்கிட்டாள். “சுகர் அடியோட இறங்கிடுச்சு. நாங்க போட்ட ஊசிக்கு இவ்வளவு இறங்காதே. வேற ஏதாவது குடுத்தீங்களா?”

“ஒண்ணும் குடுக்கல டாக்டர்” என்றார் மாப்பிள்ளை, யாரும் அவரைக் கேட்காமலே. சொல்லிவிட்டு மாமியாரைப் பார்த்துக் கண்ணால் ‘வேண்டாம்’ என்றார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். உதடு வெளுத்துக் கிடந்தது. இந்த மனுஷன் போனால் யாருக்கு வேண்டும் பாலிசி?

“குடுத்தேன் டாக்டர்” என்றாள். பையை இழுத்து மாத்திரைகளைக் கட்டிலில் கொட்டினாள். “பன்னிரண்டு வருஷமா சாப்பிடறார். ஆறு மாசம்னு சொன்னது பொய்.”

குளுக்கோஸ் ஏறி அவர் கண் திறந்து, “ஏன் எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கிறீங்க?” என்று கேட்ட பிறகுதான் டாக்டரம்மா வாய் திறந்தாள்.

“சர்க்கரைக்குத்தான் ஊசி போட்டிருக்கோம். அது மேல இந்த மாத்திரை, அதுவும் வெறும் வயித்துல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆள் கையை விட்டே போயிருப்பார். எதுக்கும்மா மறைச்சீங்க?”

“இன்சூரன்ஸுக்காக…” என்று மென்று விழுங்கினார் மாப்பிள்ளை.

“அந்த இன்சூரன்ஸ் யாருக்காக?” என்று கேட்டுவிட்டு டாக்டரம்மா விறுவிறுவென்று போய்விட்டாள்.

பன்னிரண்டு வருஷம் என்று டாக்டரம்மா எழுதிய குறிப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போனது. சாயங்காலம் அங்கிருந்து பதில் வந்தது. பழைய வியாதியை மறைத்து எடுத்த பாலிசி, பணம் தர முடியாது. மாப்பிள்ளை நடைக்கூடத்துக்கு வந்து, “ஒரே வார்த்தையில எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே அத்தை” என்றார்.

பூட்டு அப்போதுதான் உடைந்தது.

“உக்காருங்க மாப்பிள்ளை. உண்மையை எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அதை மட்டும் சொல்லுங்க.”

“பிரீமியம் கொஞ்சம் கூட வந்திருக்கும்.”

“அப்புறம்?”

“பழைய வியாதிக்குக் காத்திருப்புக் காலம்னு ஒண்ணு இருக்கு. அது முடியற வரைக்கும் அந்த வியாதிக்கும், அதனால வர்ற நெஞ்சு வலி மாதிரி எதுக்கும் பணம் தர மாட்டாங்க.”

“நம்ம பாலிசியில அது எத்தனை வருஷம்?”

“மூணு.”

“எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு?”

அவர் தரையைப் பார்த்தார். “நாலு” என்றார்.

“அப்ப உண்மையை எழுதியிருந்தா இன்னிக்குப் பணம் வந்திருக்கும். பொய் எழுதினதால போச்சு. அதுவும் உங்க மாசக் கணக்குக்காக. தெருவுல போறவன் தலையில மிளகாய் அரைச்சா போலீசுக்குப் போவேன். வீட்டு மாப்பிள்ளை அரைச்சா நான் எங்க போறது?” அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “அரசாங்கக் காப்பீட்டையும் வேண்டாம்னீங்க. அதுல உங்களுக்குக் கமிஷன் இல்ல, அதானே?”

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் எழுந்து நடந்தாள். மாடிப்படிக்குப் பக்கத்தில் அரசுக் காப்பீட்டுக்கென்று ஒரு கவுண்டர் இருந்தது. மாப்பிள்ளை மூன்று நாளாக அதைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தார். அங்கே இருந்த பெண் வயதைக் கேட்டாள், அடையாள அட்டையைக் கேட்டாள்.

“பழைய சர்க்கரை இருக்கும்மா” என்றாள் சூப்பர்வைசரம்மா, இந்தத் தடவை முந்திக்கொண்டு.

“இருக்கட்டும்மா. வயசு இருந்தாப் போதும், இதுல அதைக் கேக்க மாட்டோம். ஆனா தனி ரூம் கிடைக்காது, பொது வார்டுதான். எங்க லிஸ்ட்ல இருக்கற ஆஸ்பத்திரியிலதான் செல்லும். சில மருந்து நீங்க வாங்க வேண்டி வரும். இந்த ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்கு.”

இவ்வளவுதான் விஷயம். இதை நாலு வருஷத்துக்கு முன்னாலேயே யாராவது நாலு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். பெயர் சேர்ந்து, அனுமதி வந்து, சர்க்கரை கட்டுக்குள் வந்து, ஆபரேஷன் நடப்பதற்குள் அவள் பாதியாக இளைத்துவிட்டாள். அடைப்பைக் கண்டு சொன்ன அதே டாக்டர்தான் ஆபரேஷன் செய்தார். சலூன்காரர் பிழைத்தார்.

பொது வார்டுக்கு அவரைப் பார்க்க மாப்பிள்ளை பழங்களோடு வந்தார். தோளில் கம்பெனி பெயர் போட்ட பை. அதைப் பார்த்த பக்கத்துக் கட்டில்காரரின் மகன், “சார் இன்சூரன்ஸா? எங்கம்மாவுக்கு எடுக்கணும் சார். அவங்களுக்கு பி.பி. இருக்கு, பரவாயில்லையா?” என்று கேட்டான்.

“பி.பி.தானே, அதை…” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த மாப்பிள்ளை, மாமியார் நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். முகம் சிவந்தது. “அதைக் கண்டிப்பா எழுதணும்” என்றார் மெதுவாக. “அதுக்கு முன்னாடி, கீழ அரசாங்கக் கவுண்டர் இருக்கு. அங்க போய் அம்மா பேரைச் சேருங்க.”

“நல்லாக் கேட்டுக்கோ தம்பி” என்றாள் சூப்பர்வைசரம்மா. வார்டு முழுக்கக் கேட்கிற குரல். “பெரியவங்களுக்கு அரசாங்கம் என்ன குடுக்குதுன்னு முதல்ல விசாரி. அது நம்ம உரிமை, அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. அது பத்தலன்னா, கையில காசும் இருந்தா, தனியார்லயும் எடு. எடுக்கறப்ப உடம்புல இருக்கற ஒவ்வொரு வியாதியையும் எழுதச் சொல்லு, எத்தனை வருஷம் காத்திருக்கணும்னு கேளு. எழுத வேண்டாம், நான் பாத்துக்கறேன்னு ஒரு ஏஜென்ட் சொன்னா, அவன் உன் வீட்டு மாப்பிள்ளையாவே இருந்தாலும் சரி, வாசலோட அனுப்பிடு.”