கறுப்புத் துணிக்கு வெளியே

மூக்கு நுனியில் அரிப்பு, இப்போதுதானா வந்து தொலைய வேண்டும், சொறியக் கையில்லை, இரண்டு கையும் குழந்தையின் இடுப்பில்... தலையோடு போர்த்திய கறுப்புத் துணிக்குள் அவள் மூச்சு அவள் முகத்திலேயே திரும்பி மோதியது. புருஷனுக்கு என்ன, படப்பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டுச் சும்மா நிற்கலாம், கண்ணாடித் தகட்டில் வெளிச்சம் ஊறும்வரை குழந்தை அசையக்கூடாது, அசைந்தால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புகை, அதற்காகத்தான் அவளை மூடிப் போர்த்தி நாற்காலியாக்கி மேலே குழந்தையை உட்கார்த்துவது... நாற்காலிக்கு இடுப்பு வலிக்கும் என்று யார் கண்டார்கள், எத்தனை வீட்டுச் சுவரில் இப்படி முகமில்லாமல் தொங்குகிறாளோ. ஊரைவிட்டுப் போகும்போது மகன் கேட்டான், "அம்மா, உன் படம் ஒண்ணு குடேன்." தேடினால் ஒன்றுகூட இல்லை, "வெளிச்சம் போச்சு, அடுத்த தடவை வர்றப்ப எடுத்துக்கலாம்" என்றார் இவர், அந்த அடுத்த தடவை இன்னும் வந்தபாடில்லை... குழந்தையின் வயிறு அவள் உள்ளங்கைக்குள் ஏறி இறங்கியது. பெற்றவளிடமே கொடுக்கலாம் என்றுதான் சொல்லிப் பார்த்தாள், அந்தப் பெண்ணோ, "வேணாங்க, என்கிட்ட ஒரு நிமிஷம் அடங்க மாட்டான்" என்று ஒதுங்கிக்கொண்டாள், இப்போது இவன் இங்கே பெட்டிப்பாம்பாய் இருப்பதைப் பார்த்து அவளுக்குச் சுருக்கென்றிருக்குமோ? இருக்கட்டும்... இல்லை, பாவம், சின்னப் பெண்.

துணியை உதறிவிட்டு எழுந்தபோது கால் மரத்திருந்தது, குழந்தை தாவி அம்மாவிடம் ஓடியது. புருஷன் தகட்டைக் கழுவி கறுப்பு அட்டைமேல் வைத்துப் பார்த்தார், முகம் சுளித்தார், "உன் கை வெளிய வந்திருக்கு பாரு. சுரண்டிடறேன்." எட்டிப் பார்த்தாள், ஆமாம், மடிப்பு விலகி அவள் வலது கை, எலும்பு தெரிய, தகடு கழுவும் மருந்து பட்டுக் கறுத்த நகங்களோடு... இவ்வளவு கிழடு தட்டிவிட்டதா, எப்போது? அவர் ஊசியை எடுத்தார், வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, அதற்குள் அந்தப் பெண் தோளுக்குப் பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள், "கையை எடுக்காதீங்க... பார்க்கிறவங்க என் கைன்னு நினைச்சுக்கட்டும்." புருஷன் இவளைப் பார்த்தார், கேட்கிறாரா, சும்மா பார்க்கிறாரா... "விட்டுடுங்க, இருக்கட்டும்" என்றாள், கறை படியாத அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்துக்கொண்டே, சொன்ன பிறகும் விளங்கவில்லை, கையைக் கொடுத்தாளா, பறிகொடுத்தாளா...